கரம் பவுடர்

கொட்டாஞ்சேனை ஃபார்மசியில்
போரிக் பவுடர் நாலு பக்கற் கேட்டேன்.
கரப்பானுக்கா, கரம் போர்டுக்கா?
கத்திக்கு.
பில் எழுதிய பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்,
மிச்சக் காசுக்கு டொஃபி தந்தாள்.

எண்ணூற்றுப் பத்துப் பாகையில்
உருக்குக்கு எதிரி நெருப்பு இல்லை.
காற்று.
இந்த ஒழுங்கையில் நாம் எல்லோரும் இழுத்து விடுகிற,
துறைமுகத்து டீசலும் உப்பும் கலந்த இதே காற்று
சூளைக் கதவின் இடுக்கால் நுழைந்து
தோலிலிருக்கும் காபனைத் தேடித் தின்னும்.
மேலே கறுப்பாய்ச் செதில் கட்டும்.
செதிலைத் தேய்த்துப் போக்கலாம், அது ஒரு நாள் வேலை.
செதிலுக்குக் கீழே
ஒரு தாளின் தடிப்பில்
காபன் இல்லாத வெறும் இரும்பு
கத்தியைப் போலவே மினுங்கிக்கொண்டு கிடக்கும்.
அரம் வைத்தால்தான் சொல்லும்:
வழுக்க வேண்டிய இடத்தில்
கடிக்கும்.

ஆகவே பூசுகிறேன்.
பவுடரை ஸ்பிரிட்டில் கலக்கி,
இளஞ்சூட்டில் அலகைத் தோய்த்து,
முற்றத்தில் பிடித்து, தீக்குச்சி கிழித்தால்
சுவாலை பச்சை.
முதல் நாள் அதைக் கண்ட மேல்வீட்டு டெரன்ஸ்
சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.
இப்போது பேரனைக் கூட்டிவந்து காட்டுகிறார்.
பச்சை அணைந்ததும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒன்று மிஞ்சும்.
சூளைக்குள் அது உருகிக் கண்ணாடியாகி
அலகைச் சுற்றி மூடிக்கொள்ளும்.
காற்று வெளியே நிற்கும்.

அன்றைக்கு ஒன்பதுக்குக் கரண்ட் வெட்டு.
எட்டுக்குள் சூளை ஏற வேண்டும்.
பேலியகொடையில் மீன் வெட்டும் மில்ரோயின் கத்தி,
பன்னிரண்டு அங்குலம், கெளவல்லா முள்ளுக்கு.
பசி.
ஒரு கையில் மாலு பணிஸ்,
மற்றக் கையில் அலகு,
பிறகு எது எந்தக் கை என்று நான் பார்க்கவில்லை.

எண்ணெய்க்குள் இறக்கினேன்.
உஸ்ஸென்று ஒரு மூச்சு.
கண்ணாடி வெடித்துச் சில்லுச் சில்லாய் உதிர்ந்தது,
ஆறிய பிறகும் டிக், டிக் என்று
வாளிக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.
சுடுதண்ணீரில் கழுவினால்
அலகு முழுக்க
மழைக்கு முந்திய காலிமுகத்திடல் கடலின் சாம்பல்.
பிடிக்குப் பக்கத்தில் மட்டும்
கறுப்பாய்
என் பெருவிரல்.

ரேகை ரேகையாய் இருந்தது.
சுழிகூடத் தெரிந்தது.
எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை,
பூச்சு பிடிக்காத இடத்தில் காற்று இருந்துவிட்டுப் போயிருக்கிறது.
அடையாள அட்டைக் கந்தோரில்
மூன்று தரம் மை தடவி வைத்தும் பதியாத விரல் இது.

அரம் வைத்தேன். ரேகைக்குள் கடித்தது.
விளிம்பில் வழுக்கியது, மூக்கிலிருந்து பிடிவரை.
கன்னத்தைத் தேய்த்தெடுத்தால் அலகு மெலியும்.
மெலிந்தால் முள்ளில் வளையும்.
பிறகு கரண்ட் போய்விட்டது.
டோர்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில்ரோயிடம் மறைக்கவில்லை. காட்டினேன்.
வெட்டுமா? என்றான்.
வெட்டும்.
அப்ப சரி. அங்க ஒவ்வொரு நாளும்
எவனாவது என்ட கத்திய
தன்ட என்று சொல்லித் தூக்குவான்,
இதை எவன் சொல்லுவான்?
ஐந்நூறு ரூபா குறைத்துக்கொண்டு போனான்.

அடுத்த மாசம் அவன் தம்பிக்கும்
அதே மாதிரி ஒன்று கேட்டான், விரலோடு.
வேண்டுமென்றே பணிஸ் வாங்கித் தின்றேன்.
வேண்டுமென்றே பிடித்தேன்.
ஒரு அசிங்கமான கறை வந்தது,
யாருடைய விரலும் இல்லை.
தேய்த்து எறிந்துவிட்டு
வாளிச் சவர்க்காரத்தால் கை கழுவி,
சுத்தமான கத்தி ஒன்று செய்து கொடுத்தேன்.

சோளகத்தில் ஒரு நாள் மில்ரோய் போன் எடுத்தான்.
பின்னால் ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம்.
கத்தி நல்லம்.
துரு மட்டும்
அந்த இடத்திலதான் முதல் பிடிக்குது.
விடியக் காலமை கடை திறந்ததும்
உங்கட விரலுக்குத்தான்
முதல் எண்ணெய் பூசுறன், அக்கா.